ஒன்பது மாதத்தை யார் தருவது? ஊவாத் தோட்டங்களில் முழங்கால் காயமும் மீட்சியும்

தேயிலை மலையில் ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கும். முழங்காலுக்குச் சோதனை வருவது இறங்கும்போதுதான். செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட சிலரின் முழங்காலுக்குள்ளேயே அளவுகருவியை வைத்துப் பார்த்த பெர்லின் ஆய்வாளர்கள் 2010இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது 3.5 மடங்கு. அவர்கள் அளந்தது ஆய்வுகூடத்துப் படிக்கட்டை. பசறையிலோ பூனாகலையிலோ கொழுந்து நிறுக்க இறங்கும் பெண்ணின் முதுகில் கூடையோ சாக்கோ கனக்கிறது. காலடியில் ஊறிய மண்ணும் புல் மூடிய கானும் கிடக்கின்றன. நாளுக்கு மூன்று நிறுவை என்றால் அந்த இறக்கமும் மூன்று தடவை.

பதுளை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 5 பேருக்கு ஒருவர் மலையகத் தமிழர். அப்புத்தளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல, லுணுகலை, நமுனுகுலை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களை நம்பியே அவர்களில் பெரும்பாலோரின் பிழைப்பு நடக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் மணம் ஏறும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. அதே மலைகள் ஐப்பசி பிறந்ததும் மழையில் வழுக்கத் தொடங்கிவிடும். இங்கே வழுக்கி விழுவதை யாரும் விபத்தென்று எண்ணுவதில்லை, அது அன்றாடம். அப்படி விழுந்து முழங்கால் திருகிப்போன ஒருவர் மறுபடி மலைக்குப் போக என்னென்ன வேண்டும், அவற்றில் எவை கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி வைக்கும் கட்டத்தை இலவச வைத்தியசாலை எப்படியோ கடத்திவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் இங்கே ஆளில்லை, காசில்லை, கால் வைக்கச் சமதரையும் இல்லை.

முதலில் காயத்தின் வகைகள். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது "சவ்வு கிழிஞ்சிருச்சு" என்பதுதான். உள்ளே நடப்பது ஒன்றல்ல. தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் மூட்டின் நடுவில் குறுக்காகப் பிணைக்கும் இரண்டு இணைநார்களில் முன்னது அறுவது ஒரு வகை. விழும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். இரண்டொரு மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிடும். வீக்கம் வடிந்த பிறகும் திரும்பும்போது கால் தன்னை அறியாமல் வாரிவிடும். மூட்டின் உட்பக்க ஓரத்து இணைநார் கிழிவது இன்னொரு வகை. பெரும்பாலும் கத்தி இல்லாமலே ஆறும். இரண்டு எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் கிடக்கும் குருத்தெலும்பு கிழிவது மூன்றாவது. அதன் வெளி ஓரத்துக்கு இரத்த ஓட்டம் உண்டு, அங்கே கிழிந்தால் ஆற வழி இருக்கிறது. உள் ஓரத்துக்கு அது கிடையாது. கிழிந்த துண்டு மடங்கி இடையில் சிக்கினால் கால் நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் பூட்டிக்கொள்ளும். இவற்றோடு முழங்கால் சிரட்டை உடைவதும், கணைக்கால் எலும்பின் மேல்தளம் நொறுங்குவதும் உண்டு.

எல்லாக் கிழிவுக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதில் மருத்துவ உலகம் கடந்த இருபது ஆண்டுகளில் தன் கருத்தை நிறையவே திருத்திக்கொண்டது. முன் இணைநார் அறுந்த 121 இளைஞர்களை வைத்து சுவீடனில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும். மற்றவர்களுக்கு முதலில் முறையான பயிற்சி, கால் நிலைகொள்ளாவிட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் இரண்டாவது சாராரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சத்திரசிகிச்சையே தேவைப்படவில்லை. நடுத்தர வயதில் தேய்ந்து கிழியும் குருத்தெலும்பைப் பற்றி 2013இல் பின்லாந்திலிருந்து வந்த முடிவு இன்னும் திடுக்கிட வைத்தது. 35 முதல் 65 வயது வரையிலான 146 பேரில் சிலருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள்; சிலருக்குத் துளை மட்டும் போட்டு, எதையும் வெட்டாமல் மூடினார்கள். ஓராண்டு கழித்து இரு சாராரும் ஒரேயளவு தேறியிருந்தார்கள்.

பயிற்சி ஒழுங்காக நடந்தால் கத்தியைத் தள்ளிப்போடலாம், பலருக்குத் தவிர்க்கவும் செய்யலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் சுவீடனில் அந்த இளைஞர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். போய்வரச் சமமான தெரு இருந்தது. இவை இல்லாத இடத்தில் "பயிற்சி போதும்" என்பது "ஒன்றும் வேண்டாம்" என்று ஆகிவிடக்கூடும். மலைச்சரிவில் நிலைகொள்ளாத மூட்டோடு வேலை செய்கிறவருக்குக் கால் வாரும் ஒவ்வொரு தடவையும் குருத்தெலும்பு இன்னும் கொஞ்சம் போகும். எனவே ஊவாவின் தொழிலாளிக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்கிற வைத்தியர் படத்தைப் பார்ப்பதோடு, "எந்த மலையில் வேலை? வீடு மேட்டு லயத்திலா பள்ளத்து லயத்திலா?" என்றும் கேட்க வேண்டும்.

முதல் மூன்று நாள்

விழுந்த அன்று நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தூக்கி வந்து திண்ணையில் உட்காரவைப்பார்கள். கோடாலித் தைலமோ சித்தாலேபவோ தடவி அழுத்தி உருவிவிடுவார்கள். சுடுநீர் ஒத்தடம் கொடுப்பார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை முதல் இரண்டு மூன்று நாளில் சூடு காட்டி உருவினால் வீக்கம் கூடும். குளிர் ஒத்தடம், துணிக்கட்டு, காலை இருதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்தல்: அந்த நாட்களுக்கு இவை போதும். ஊவாக் குளிரில் ஐஸ் தேட வேண்டியதும் இல்லை. பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதிய குளிர்ச்சி தரும்.

முறிவு நெறிவு வைத்தியரிடம் போவதை ஏளனமாகப் பேசுவது படித்தவர்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்று, தலைமுறையாகக் கற்றுவந்த வைத்தியர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறார், நேரம் ஒதுக்கிப் பேசுகிறார், தொட்டுப் பார்க்கிறார் என்பதே சனங்கள் அவரிடம் போகக் காரணம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பத்துப் போட்டு மூங்கில் சிம்பு கட்டி, மடங்கிய காலை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், பிறகு அதை நீட்டவைப்பது பெரும்பாடு.

எக்ஸ்ரே தேவையா என்று அறிய இயந்திரம் வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களில் வகுக்கப்பட்ட விதிகளை எந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியின் சுவரிலும் ஒட்டிவைக்கலாம். அடிபட்டவருக்கு 55 வயது அல்லது அதற்கு மேல் என்றால் எக்ஸ்ரே வேண்டும். சிரட்டையை மட்டும் தொட்டால் நோகிறது, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு முனையைத் தொட்டால் நோகிறது, காலை 90 பாகை மடக்க முடியவில்லை, விழுந்த இடத்திலும் பிறகும் நான்கு அடி ஊன்றி வைக்க முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். எதுவுமே இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரே ஒரு நிலைமையில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூட்டு முழுவதுமாக விலகிப்போயிருந்தாலோ, பாதம் வெளிறிச் சில்லிட்டு மரத்துப்போனாலோ, முழங்காலின் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் சிதைந்திருக்கலாம். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரிடும். 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடெங்கும் விரிந்த 1990 அம்புலன்ஸை இதற்குத்தான் அழைக்க வேண்டும். அது பெரிய பாதை வரைதான் வரும் என்ற தோட்டங்களில், லயத்திலிருந்து பாதைவரை கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சர் டிஸ்பென்சரியில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவைப்பது நல்லது.

வைத்தியசாலை வாசலும் அதற்கு அப்பாலும்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென்று இலங்கையில் 1872இலேயே சட்டம் வந்துவிட்டது. நாட்டின் மற்றக் குடிமக்களுக்குப் பொதுச் சுகாதார சேவை வளர்ந்தபோது தோட்டம் மட்டும் தனித் தீவாக நின்றது அந்த ஏற்பாட்டின் பக்கவிளைவு. 1990களிலிருந்து அரசு தோட்ட வைத்தியசாலைகளைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. பல தோட்டங்களில் இன்றும் முதலில் பார்க்கிறவர் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். சனங்களுக்கு அவர் "டொக்டரையா". அவர் துண்டு எழுதிக் கொடுத்தால் தியத்தலாவைக்கோ பதுளைப் போதனா வைத்தியசாலைக்கோ போகலாம். அங்கே படுக்கையும் மருந்தும் சத்திரசிகிச்சையும் இலவசம். உலகில் பல நாடுகளில் முழங்கால் சத்திரசிகிச்சை ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்குகிறது. அந்தப் பயம் இங்கே இல்லாதது சின்ன விடயமல்ல.

சிக்கல் பிறகு தொடங்குகிறது. இணைநார் மாற்றப்பட்ட முழங்கால் பழைய வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் என்பது இன்றைய பொது அளவு. அந்தக் காலத்தில் முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் இயன்மருத்துவர் பார்க்க வேண்டும். லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்து திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். பஸ்ஸின் உயரமான முதற்படியில் ஏறுவதே அந்தக் காலுக்கு ஒரு பரீட்சை. துணைக்கு வருகிறவரின் பேரும், அதாவது நாட்சம்பளமும், அன்றைக்குப் போச்சு. ஆக, கிளினிக் நாளில் வீட்டுக்கு இரண்டு சம்பளம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது கிளினிக்கோடு பலர் நின்றுவிடுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம்.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. சத்திரசிகிச்சையின்போது நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், பேச்சு தேவையில்லை. இயன்மருத்துவமோ முழுக்க முழுக்கப் பேச்சால் நடப்பது. எந்தத் தசையை இறுக்க வேண்டும், எத்தனை எண்ணும்வரை பிடிக்க வேண்டும், எந்த வலி சரி, எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதைச் சைகையால் சொல்லிவிட முடியாது. பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று 1999இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. கச்சேரிப் படிவத்துக்குக் கிடைத்த அந்த உரிமை முழங்கால் பயிற்சித் தாள் வரைக்கும் வந்தாக வேண்டும். படம் போட்ட ஒற்றைப் பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை அச்சிட ஒரு மாகாணத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

லயத்துக்குள் ஒரு பயிற்சி

அந்தத் தாளில் முதலாவதாக இருக்க வேண்டியது தலையணையைப் பற்றிய எச்சரிக்கை. வீங்கிய முழங்கால் சற்று மடங்கியிருந்தால் வலி குறையும். எனவே வீட்டார் முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பார்கள். சில வாரம் அப்படியே போனால் கால் முழுதாக நீளும் தன்மையை இழக்கும். ஐந்து பாகை குறைந்தால்கூட நொண்டல் தங்கிவிடலாம். தலையணையோ சுருட்டிய சேலையோ குதிகாலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். முழங்கால் தன் பாரத்திலேயே தாழ்ந்து நேராகும். அடுத்தது தொடையின் முன்தசை. அடிபட்ட சில வாரத்துக்குள்ளேயே அது கண்ணுக்குத் தெரிய மெலிந்துவிடும். உட்கார்ந்தபடி காலை நீட்டி, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது. பிறகு நேராக வைத்த காலை ஒரு சாண் உயர்த்தி இறக்குவது. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டாம் மாதத்தில், வைத்தியர் சொன்ன பிறகு, சுவரைப் பிடித்துப் பாதி மடங்கி எழுவதும், லயத்து வாசற்படியில் ஏறி இறங்குவதும்.

படியில் ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். நொந்த பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம்.

கக்கூசைப் பற்றி மருத்துவக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. லயத்தில் அதுதான் முதல் பிரச்சினை. தனியாக, சில அடி தள்ளி, படி இறங்கிப் போக வேண்டும். போய்க் குந்த வேண்டும். சத்திரசிகிச்சை நடந்து சில நாளான முழங்காலைக் குந்தவைப்பது ஆபத்து. நடுவில் ஓட்டை வெட்டிய பழைய பிளாஸ்டிக் கதிரை ஒன்றை மேலே வைத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பியும் அடித்துவிடலாம். இதைக்கூட யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு இன்னொன்று: மலைக்குப் போகாத பெண் "சும்மா வீட்டில இருக்கிறா" என்று எண்ணப்படுகிறார். தண்ணீரும் விறகும் அடுப்பும் திரும்ப அவரிடமே வந்து சேரும். தோட்டத்தில் கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு முன் இணைநார் அறும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து நம் மலைகளில் யாராவது ஓர் ஆய்வு செய்தால் அது உலகத்துக்கே பயன்படும்.

பேரும் அரைப்பேரும்

ஒன்பது மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நோர்வேயிலும் அமெரிக்காவின் டெலவெயரிலும் சத்திரசிகிச்சை முடிந்த விளையாட்டு வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுந்தோறும் மறுபடி காயப்படும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நியூசிலாந்துக் கிரிக்கெட் வீரர் கேன் வில்லியம்சன் போன்ற சிலர் முந்தியும் திரும்புகிறார்கள். 2023 மார்ச் 31இல் அகமதாபாத்தில் இணைநார் அறுந்த அவர், அதே ஆண்டு ஒக்டோபர் 13இல் சென்னையில் உலகக் கிண்ணப் போட்டி ஆடினார். அவருக்குப் பின்னால் நாள் முழுக்க உடனிருக்கும் ஒரு மருத்துவப் படையே இருந்தது.

நம் கதைக்குப் பொருத்தமானவர் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க. 2008இல் முழங்கால் காயத்தால் ஏறத்தாழ ஓராண்டு ஒதுங்கியிருந்தார். 2011இல், தேய்ந்துவரும் முழங்காலைக் காரணம் காட்டி டெஸ்ட் ஆட்டத்தை விட்டார். நாளெல்லாம் வீசும் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, குறைந்த ஓவர் ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டார். 2014இல் அணித்தலைவராக இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றார். அவர் செய்தது என்ன? தொழிலை விடவில்லை, தன் முழங்கால் தாங்கும் அளவுக்குத் தொழிலைக் குறைத்துக்கொண்டார். கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அந்தத் தெரிவு இல்லை. காலைப் பெரட்டில் பேர் கொடுத்தால் மலை, கொடுக்காவிட்டால் வீடு. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. பின்னர் உயரவும் செய்தது. ஆனால் அது நாட்சம்பளமாகவே இருக்கிறது. மாதக்கணக்கில் சம்பளத்தோடு நோய்விடுப்பு என்பது தோட்டத்தில் கேள்விப்படாத ஒன்று. நான்காம் மாதத்தில் வலி குறைந்ததும் மலைக்குத் திரும்புகிறவர் அவசரக்காரரல்ல. அடுப்பு எரிய வேண்டும், அதனால் போகிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக உழைக்க முடியாதவருக்குத் தவணைக் கொடுப்பனவும், நிரந்தரக் குறைபாட்டுக்கு ஒரு மொத்தத் தொகையும் உரியவை. 2022 திருத்தம் அதிகபட்சத் தொகையை 5.5 இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. குறுக்குப்பாதையில் வழுக்கி விழும் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாவது மாற்றம் மிகப் பெரியது. ஆனால் விரல் போனால், கால் போனால் இத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையில் பார்த்துச் சொல்லலாம். அறுந்த இணைநாரின் இழப்பை வைத்தியர்தான் மதிப்பிட வேண்டும். விழுந்த அன்று எங்கும் பதியாமல், தைலம் தடவிக்கொண்டு ஒரு மாதம் கழித்துப் பதுளைக்குப் போனவரின் காயம் வேலையில் வந்ததுதான் என்பதற்குச் சாட்சி இருக்காது. கைக்காசு வேலை செய்கிறவர்களும், தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து விளைச்சலுக்குக் காசு தரும் புதிய முறையில் சேர்க்கப்படுகிறவர்களும் "தொழிலாளி" என்ற வரையறைக்கே வெளியே தள்ளப்படும் அபாயமும் இருக்கிறது.

எனவே நான் முதன்மையாகக் கேட்பது புதிய கட்டிடம் அல்ல, இலகுவேலை. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம்வரை பிள்ளைக் காம்பராவில் உதவி, இஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை, நிறுவைக் கணக்கு. அதற்கு முதலில் அரைப்பேர், பிறகு முழுப்பேர். ஒரு எச்சரிக்கை: நர்சரியில் மண்பை நிரப்புவதை இலகுவேலை என்று கொடுத்துவிடுவார்கள். நாள் முழுக்கக் குந்தியிருக்கும் அந்த வேலை முழங்காலுக்கு நடப்பதைவிடக் கெடுதல். முக்காலி கொடுத்தால்தான் அது சரிவரும். டொக்டரையாவுக்கு இரண்டு வாரம் பதுளையில் இயன்மருத்துவப் பிரிவில் பயிற்சி கொடுத்தால், மாதத்தில் மூன்று கிளினிக்கைத் தோட்டத்திலேயே நடத்தி நான்காவதுக்கு மட்டும் பதுளைக்கு அனுப்பலாம். கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் சம்பளத்தோடு இத்தகைய விடயங்களையும் மேசையில் வைக்க ஓர் இடமாவது இருந்தது. 2021இல் சம்பளம் சம்பள நிர்ணய சபைக்குப் போன பிறகு பேச்சு முழுக்க ரூபாக் கணக்காகவே நடக்கிறது. இலகுவேலையை எழுத்தில் கேட்கும் பொறுப்பு தொழிற்சங்கங்களுடையது.

அதுவரை வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ யாராவது மலையில் விழுந்தால், நோவு சின்னதோ பெரியதோ, அன்றைக்கே டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பெயர், நேரம், மலை இலக்கம், பார்த்தவர் யார் என்பவற்றைப் பதியச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கும் துண்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்துவிட்டு, அதன் பிறகு தைலத்தைத் தேடுங்கள்.